சங்கிலி வாள் எஞ்சினிற் காற்றுக் கசிவு: கண்டறியும் முறையும் தீர்க்கும் வழியும்

முன்னுரை

பெருங்காற்று வீசி ஓய்ந்த மறுநாட் காலையிற் கமக்காரர் முதலிற் செய்யும் வேலை, வாய்க்காலிலும் வரம்பிலும் வண்டிப் பாதையிலும் வீழ்ந்து கிடக்கும் மரங்களை அகற்றுவதேயாகும். 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியிற் சாய்ந்த தென்னந்தோட்டங்களை நினைவில் வைத்திருப்போர் இன்றும் நம்மிடையே உளர். கோடரி கொண்டு இரண்டு நாள் வெட்டவேண்டிய மரத்தைச் சில மணி நேரத்தில் அரிந்து தள்ளுவது சங்கிலி வாள். நம் கிராமங்களில் இதனை மரம் அரியும் மெசின் என்பர். ஊருக்கு ஒன்றோ இரண்டோதான் இவ்வாள் இருக்கும். ஆகையால் அது பழுதுபட்டால் நட்டம் அதனை உடையவருக்கு மட்டுமன்று. அவ்வாய்க்காலின் நீரை நம்பியிருக்கும் அனைவருக்குமாம்.

ஒரு மாரிகாலத்தில் எமது பிரிவிலுள்ள கிராமமொன்றில், பாய்ச்சல் வாய்க்காலின் குறுக்கே பெரிய மருதமரம் ஒன்று வீழ்ந்தது. நீர் தடைப்பட்டுத் தாழ்ந்த வயல்களில் ஏறிற்று. இளைஞர் ஒருவர் தம் வாளைக் கொண்டுவந்து அரியத் தொடங்கினார். விசையை விட்ட பின்னரும் எஞ்சின் உடனே அடங்காது இரைந்துகொண்டிருந்தது. “இன்றைக்கு எஞ்சின் நல்ல உசாராக ஓடுகிறது, ஐயா” என்றார் அவர். அருகில் நின்ற யாமும் அவ்வாறே எண்ணினோம். அவர் மெதுவோட்டத் திருகாணியைச் சற்றுத் தளர்த்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நண்பகலுக்கு முன்பே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வேறு வாள் தேடிக் கொணர்ந்து மரத்தை அகற்ற மூன்று நாட் சென்றன. அதற்கிடையில் தாழ்ந்த வயல்களில் இளம்பயிர் அழுகிற்று.

பின்னர் எஞ்சினைக் கழற்றிப் பார்த்தபோது காபரேற்றரையும் சிலிண்டரையும் இணைக்கும் இறப்பர்க் கழுத்தில் நகத்தளவு நீளமான வெடிப்பு ஒன்று காணப்பட்டது. மலிவான அவ்விறப்பர்த் துண்டைக் காலத்தில் மாற்றியிருந்தால் சிலிண்டரும் தப்பியிருக்கும், பயிரும் தப்பியிருக்கும். உசார் என்று யாம் எண்ணியது உண்மையில் எஞ்சினின் நோய். அந்நோயைக் கமக்காரர் தாமே அறிந்துகொள்ளும் வழியை இப்பிரசுரம் கூறுகின்றது.

1. எஞ்சின் சுவாசிக்கும் முறை

சங்கிலி வாளில் இருப்பது பெரும்பாலும் ஈரடிப்பு எஞ்சினாகும். இவ்வகை எஞ்சினில் எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி இல்லை. பெற்றோலுடன் கலந்து ஊற்றும் ஈரடிப்பு எஞ்சின் ஒயிலே உள்ளுறுப்புகள் தேயாவண்ணம் காக்கின்றது. கைந்நூலில் 50 பங்குக்கு 1 பங்கு என விதித்திருப்பின், 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் சேர்த்தல் வேண்டும்.

சிலிண்டரினுள் மேலுங் கீழுமாக ஓடுவது பிஸ்ரன். அதன் கீழே கிராங் தண்டு சுழலும் மூடிய அறை உண்டு. இதனைக் கிராங் அறை என்பர். பிஸ்ரன் மேலே செல்லும்போது கிராங் அறையில் வெறுமை உண்டாகின்றது. அவ்வெறுமையை நிரப்பக் காற்றும் பெற்றோலும் ஒயிலும் சேர்ந்த கலவை காபரேற்றர் வழியாக உள்ளே வருகின்றது. பிஸ்ரன் கீழே இறங்கும்போது அக்கலவை அமுக்கப்பட்டுப் பக்க வழிகளாற் சிலிண்டரின் மேற்பாகத்தை அடைகின்றது. எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றும்போது, கிராங் அறை செக்கனுக்கு 160 முறைக்கு மேல் உறிஞ்சியும் அமுக்கியும் வேலை செய்கின்றது.

ஆகவே கிராங் அறையைத் துருத்திக்கு ஒப்பிடலாம். துருத்தித் தோலிற் சிறு துளை விழுந்தால் ஊதல் கெடுவதுபோல, கிராங் அறையைச் சூழ்ந்த மூட்டுகளில் ஒன்று தளர்ந்தாலும் எஞ்சினின் சுவாசம் கெட்டுவிடும்.

2. கசிவினால் விளையும் கேடு

நிறையின்படி பார்த்தால் 1 பங்கு பெற்றோல் முற்றாக எரிய ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். இக்கணக்கைப் பேணுவது காபரேற்றரின் பணி. வேறொரு வெடிப்பு வழியாகக் காற்று நுழையுமாயின் அக்காற்றுக்குரிய பெற்றோல் வருவதில்லை. கலவை மெலிந்துவிடுகின்றது. மெலிந்த கலவையினால் எஞ்சின் மிகுந்த சூடடைகின்றது. பெற்றோல் குறையும்போது அதனுடன் வரும் ஒயிலும் குறைகின்றது. சூடு மிகுந்த வேளையில் எண்ணெயும் குறைவதால் பிஸ்ரன் சிலிண்டர்ச் சுவரில் உரசிக் கீறுண்டு, முடிவில் இறுகிவிடுகின்றது.

மெதுவோட்டத்தின்போது காபரேற்றர் வழியாகச் செல்லும் காற்று மிகச் சிறிதளவே. ஆதலின் சிறிய கசிவும் அப்பொழுது பெரிய பங்காகி, எஞ்சினின் ஒலி மாறுவதாற் புலப்படும். முழு வேகத்தில் அதே கசிவு காதுக்குத் தோன்றாது. ஆயினும் கேடு விளைவது முழு வேகத்திலேயாம். எனவே மெதுவோட்டத்திற் கேட்கும் எச்சரிக்கையை அலட்சியம் செய்தல் ஆகாது.

3. அறிகுறிகள்

பின்வருவனவற்றில் இரண்டு அல்லது மூன்று ஒருங்கே காணப்படின் காற்றுக் கசிவு உண்டென ஐயுற வேண்டும்.

(அ) விசையை விட்டதும் எஞ்சின் உடனே மெதுவோட்டத்துக்கு வராது, சில செக்கன் இரைந்து பின்பு அடங்குதல்.

(ஆ) மெதுவோட்ட வேகம் ஒரு சீராக நில்லாது ஏறியிறங்குதல்; விசையைத் தொடாதபோதும் சங்கிலி நகர்தல்.

(இ) காபரேற்றர்த் திருகாணிகளைத் திருப்பினாலும் ஓட்டம் திருந்தாமை. இன்று சரிப்படுத்தினால் நாளை மீண்டும் கெடுதல்.

(ஈ) குளிர்ந்த எஞ்சின் எளிதிற் கிளம்பியும், சூடேறிய பின் கிளம்ப மறுத்தல்.

(உ) விசையை அழுத்தியதும் எஞ்சின் ஒரு கணம் திணறுதல்.

(ஊ) பிளக்கைக் கழற்றிப் பார்க்கும்போது அதன் முனை மண்ணிறமாக இராது வெளுத்திருத்தல்.

(எ) வாளை ஒரு பக்கம் சரிக்கும்போது வேகம் மாறுதல். இது கிராங் தண்டின் ஒயில் சீலையோ தாங்கியையோ சுட்டும். எனினும் தொட்டியிற் பெற்றோல் குறைவாயிருப்பினும் இவ்வாறு நேரும். ஆதலின் தொட்டியை நிரப்பிய பின்னரே முடிவு செய்க.

4. எளிய காரணங்களை முதலில் நீக்குக

மேற்கூறிய குறிகள் பெற்றோற் குறைவினாலும் தோன்றும். எஞ்சினைப் பிரிக்கு முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, பழைய கலவையை அகற்றிப் புதிதாகக் கலந்து ஊற்றுக. இரண்டாவது, தொட்டியினுள் உள்ள வடியையும் பெற்றோற் குழாயையும் பார்க்க. குழாய் வெடித்திருப்பின் பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். மூன்றாவது, தொட்டியின் மூச்சுத்துளை அடைபட்டுள்ளதோ எனப் பார்க்க. சிறிது நேரம் ஓடியபின் திணறும் எஞ்சின், தொட்டி மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் சீராகுமாயின் குற்றம் மூச்சுத்துளையிலேயே உள்ளது. நான்காவது, காற்று வடியைக் கழற்றி மரத்தூளைத் தட்டித் துப்புரவாக்குக. ஐந்தாவது, காபரேற்றரைப் பிடிக்கும் திருகாணிகளும் பிளக்கும் இறுக்கமாக உள்ளனவோ எனப் பார்க்க. வாளின் அதிர்வினால் இவை தளர்வது வழக்கம். பலருடைய தொல்லை இவ்வைந்தாம் படியிலேயே தீர்ந்துவிடும்.

5. காற்றுக் கசியும் இடங்கள்

(அ) இறப்பர்க் கழுத்து: காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ளது. சூட்டினாலும் பெற்றோலினாலும் இறப்பர் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் மடிப்பின் அடியில் மறைந்திருக்கும். வெளியே எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தாலன்றித் தெரியாது.

(ஆ) துடிப்புக் குழாய்: கிராங் அறையின் துடிப்பைக் காபரேற்றரிலுள்ள சிறு பம்பிக்குக் கொண்டுசெல்வது. இது வெடித்தாற் காற்றும் நுழையும். பெற்றோலும் சரிவர ஏறாது.

(இ) ஒயில் சீல்கள்: கிராங் தண்டின் இரு முனைகளிலும், ஒன்று காந்தச் சில்லின் பின்னும் மற்றையது கிளச்சின் பின்னும் உள்ளன. நீண்டகாலம் பயன்படுத்தாது வைத்த வாளில் இவற்றின் உதடு காய்ந்து கடினமாகும்.

(ஈ) சிலிண்டரின் அடியிலுள்ள கஸ்கற்றும், கிராங் அறையின் இரு பாதிகள் சேரும் மூட்டும். இங்கே கசிவு இருப்பின் எண்ணெய்ப் பசை ஊறி, மரத்தூள் ஒட்டிக் கறுத்த கோடாகத் தெரியும். கிளச் பக்கத்திற் சங்கிலி எண்ணெயும் படிந்திருக்குமாதலின், முன்னர் நன்கு துடைத்துவிட்டு ஒரு நாள் வேலை செய்தபின் மீண்டும் பார்க்க.

(உ) அமுக்கந் தளர்த்தும் வால்வு உள்ள வாள்களில் அவ்வால்வு.

6. சோதிக்கும் முறை

எச்சரிக்கை: எஞ்சினை நிறுத்தி, நன்கு ஆறவிட்டு, பிளக்கின் வயரைக் கழற்றிய பின்னரே கையை வைக்க வேண்டும். தொட்டியிலுள்ள பெற்றோலை வெளியே ஊற்றி மூடி வைக்க. பீடி, விளக்கு முதலியன அருகில் இருத்தலாகாது. கிளச் மூடியைக் கழற்றிய நிலையில் எஞ்சினை ஒருபோதும் ஓட்டற்க.

சிலர் எஞ்சின் ஓடும்போதே மூட்டுகளிற் பெற்றோலைத் தெளித்து, ஓட்டம் மாறுகின்றதோ எனப் பார்ப்பர். சுட்ட சைலன்சரின் அருகிற் பெற்றோல் தெளிப்பது தீயை அழைப்பதாகும். அன்றியும் காந்தச் சில்லின் காற்று தெளித்ததை வீசிவிடுவதால் அதன் பின்னேயுள்ள சீலின் கசிவை இம்முறையால் நிச்சயிக்க முடியாது. இதனை முற்றாகக் கைவிடுக.

முதற் சோதனை: பிஸ்ரனைப் பார்த்தல்

சைலன்சரைக் கழற்றுக. புகை வெளியேறும் துவாரத்தின் வழியாகப் பிஸ்ரனின் பக்கம் தெரியும். இழுகயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்ரனை மேலுங் கீழும் நகர்த்தி, டோர்ச் வெளிச்சத்திற் பார்க்க. பக்கம் வழுவழுப்பாக இருந்தால் எஞ்சின் இன்னும் காக்கத்தக்கது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஆழமாகக் காணப்பட்டாற் கேடு தொடங்கிவிட்டது. அவ்வாளை அதன்பின் ஓட்டலாகாது.

இரண்டாஞ் சோதனை: அழுத்தச் சோதனை

கசிவை நிச்சயமாகக் காட்டுவது இதுவே. துருத்தியின் எல்லா வாய்களையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, அது நிற்கின்றதோ எனப் பார்ப்பதே இதன் தத்துவம்.

பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி இரண்டாக மடித்து, சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் இடையில் வைத்துச் சைலன்சரை மீண்டும் பூட்டி இறுக்குக. புகைத் துவாரம் அடைபடும். காபரேற்றரைக் கழற்றி, இறப்பர்க் கழுத்தின் வாயைப் பொருத்தமான இறப்பர் அடைப்பினால் இறுக மூடுக. பிளக் தன் இடத்தில் இருக்க வேண்டும். துடிப்புக் குழாயின் காபரேற்றர் முனையிற் காற்றேற்றும் கருவியைப் பூட்டுக. துடிப்புக் குழாய் தனியாக இல்லாத வாள்களில், கழுத்தின் அடைப்பிலேயே சிறு குழாய் ஒன்றைச் செருகி, பிஸ்ரனை மேலே நிறுத்திக் காற்றேற்ற வேண்டும்.

திருத்தகங்களில் இதற்கென அழுத்தமானியுடன் கூடிய கைப்பம்பி உண்டு. அது இல்லாதவிடத்து, கைப்பட்டி கிழிந்து கழிக்கப்பட்ட இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பந்தும் மானியும் போதும். அம்மானியில் 250 காட்டும் அளவு, சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 5 இறாத்தல் அழுத்தமாகும். இதனாற் பெரிய கசிவுகள் யாவும் வெளிப்படும். திருத்தகத்திற் செய்யும் முழுச் சோதனைக்கு வழக்கமான அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல், அதாவது அரை பார் அளவாகும். வாகன ரயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தலாகாது. மிகுந்த அழுத்தம் நல்ல சீலையும் கெடுத்துவிடும்.

காற்றை ஏற்றியபின் மானியின் முள்ளை 20 செக்கன் கவனிக்க. முள் அசையாது நின்றாற் கசிவு இல்லை. மெல்ல இறங்கினாற் சிறு கசிவு; ஏற்ற ஏற்ற நில்லாது வீழ்ந்தாற் பெருங்கசிவு. அடைத்த இடங்களே கசியக்கூடுமாதலின் முதலில் அவற்றைச் சவர்க்கார நீர் பூசிப் பார்த்துக்கொள்க. அவை நன்றாயிருப்பின், சிறு தூரிகையாற் சவர்க்கார நீரை இறப்பர்க் கழுத்து, சிலிண்டரின் அடி, கிராங் அறை மூட்டு, பிளக்கின் அடி என ஒவ்வொன்றாகப் பூசுக. எங்கே குமிழி எழுகின்றதோ அங்கேயே கசிவு. ஒயில் சீல்களைச் சோதிக்கக் கிளச்சையும் காந்தச் சில்லையும் கழற்ற வேண்டியிருக்கும். அதற்குரிய கருவி இல்லாதவர் அடித்துக் கழற்ற முயலாது திருத்தகத்துக்குக் கொண்டுசெல்க.

இச்சோதனையைப் பிஸ்ரன் மேலே உள்ளபோது ஒரு முறையும், கீழே உள்ளபோது ஒரு முறையும் செய்க. மேலே உள்ளபோது இறப்பர்க் கழுத்தும், கீழே உள்ளபோது பிளக்கின் அடியும் வால்வும் சோதிக்கப்படும். எஞ்சினை நீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பது கூடாது. மின்பொறிச் சுருளும் தாங்கிகளும் பழுதுறும்.

மூன்றாஞ் சோதனை: உறிஞ்சற் சோதனை

சில சீல்கள் உள்ளிருந்து அமுக்கும்போது உதடு தண்டோடு ஒட்டிக் காற்றை விடா. வெளியிலிருந்து உறிஞ்சும்போது மட்டும் வழிவிடும். அழுத்தச் சோதனையிற் குற்றம் காணப்படாது அறிகுறிகள் மட்டும் தொடர்ந்தால் இதனையே ஐயுற வேண்டும். உறிஞ்சும் பம்பி திருத்தகத்தில் இருக்கும். “அமுக்கியும் பாருங்கள், உறிஞ்சியும் பாருங்கள்” என்று கமக்காரர் அங்கே கேட்டுக்கொள்ளுதல் நன்று. ஒன்றை மட்டும் செய்து நன்றென்று கூறினால் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

7. திருத்துதல்

வெடித்த இறப்பர்க் கழுத்தையும் குழாயையும் மாற்றுவதே முறை. பசை பூசுவதும் ரியூப்புத் துண்டு சுற்றுவதும் பெற்றோலில் இளகி மீண்டும் கசியும். அம்முறை கசிவு மீண்டும் நேர்ந்ததென அறியாமலே எஞ்சின் எரிந்துபோகும். கஸ்கற்றை மாற்றும்போது பழையதன் துணுக்குகளை மரச்சீவலாற் சுரண்டுக. இரும்புத் தகட்டாற் சுரண்டினால் அலுமினிய முகத்திற் கீறல் விழும். ஒயில் சீலை மாற்றுமுன் காந்தச் சில்லைப் பிடித்து மேலுங் கீழும் அசைத்துப் பார்க்க. ஆட்டம் இருப்பின் தாங்கியும் தேய்ந்துள்ளது. தாங்கியை விட்டுச் சீலை மட்டும் மாற்றினால் புதிய சீலும் விரைவிற் கெடும்.

திருத்தியபின் மீண்டும் அழுத்தச் சோதனை செய்து, முள் நிற்கக் கண்ட பிறகு சைலன்சரிலும் கழுத்திலும் வைத்த அடைப்புகளை மறவாது எடுத்துவிடுக. அதன் பின்பே காபரேற்றரைச் சரிப்படுத்த வேண்டும். மெதுவோட்டத்திற் சங்கிலி அசையாது நிற்றலும், விசையை அழுத்தத் திணறாது எழுதலும், விட்டவுடன் அடங்குதலும் நல்ல எஞ்சினின் மூன்று குறிகளாம். புதிய வாள்கள் சிலவற்றில் வெளியே திருப்பத்தக்க கலவைத் திருகாணி இல்லை. அவற்றுக்கும் கசிவுச் சோதனை இதுவே.

8. நினைவிற் கொள்ள வேண்டியவை

கசிவை நாடுமுன் திருகாணியைத் திருப்பாதீர். திருகாணி நோயை மறைக்கும், தீர்க்காது.

அடங்காது இரையும் வாளை அப்பொழுதே நிறுத்துவீர். கையிலுள்ள மரம் எவ்வளவு அவசரமாயினும், இறுகிய எஞ்சினால் எம்மரத்தையும் அரிய இயலாது.

ஆண்டுதோறும் மாரி தொடங்குமுன், புரட்டாதி மாதத்தில் வாளை வெளியே எடுத்து இறப்பர்க் கழுத்தையும் குழாய்களையும் விரலால் வளைத்துப் பார்ப்பீர். வெடிப்புக் கண்டால் அப்போதே மாற்றுவீர். காற்று வீசிய பின் கடைகள் திறந்திருக்குமென நம்பியிருத்தல் இயலாது.

வேலை முடிந்து நெடுநாள் வைக்கும்போது தொட்டியை வெறிதாக்கி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டி, காபரேற்றரில் எஞ்சிய பெற்றோலையும் தீர்த்து வைப்பீர்.

இங்கு கூறியவை ஈரடிப்பு எஞ்சின் உடைய புல்வெட்டும் இயந்திரத்துக்கும், தோளிற் சுமந்து மருந்து தெளிக்கும் இயந்திரத்துக்கும் பொருந்தும். அவையும் விசையை விட்டபின் அடங்காது இரைந்தால் உசாரென எண்ணி மகிழாது, ஐயுற்று ஆராய்தல் வேண்டும். கிராமத்தில் வாள் வைத்திருப்போர் இருவர் மூவர் கூடி ஒருவரது வாளை வைத்து இச்சோதனையை ஒரு முறை செய்து பழகுவாராயின், மழைக்காலத்தில் ஒருவர் மற்றவருக்கு உதவ முடியும். செய்முறையைப் பார்த்துப் பழக விரும்புவோர் தத்தம் பகுதிப் போதனாசிரியரிடம் கூறின், கமக்காரர் கூடும் ஒரு நாளில் அதனைச் செய்து காட்டுமாறு ஒழுங்கு செய்துகொள்ளலாம்.